மலசல மோசனம்

சைவ பாடசாலைகளிலே மாணாக்கருக்கு அறிவூட்டுந் திருத்தொண்டில் அமர்ந்திருக்கும் ஆசிரியர்காள்!

பெறுதற்கரியது மானுடப் பிறவி. அப்பிறவிக்குக் கருவியாயிருப்பது இவ்வுடம்பு. ஆணவமலத்தினால் மறைப்புண்டு யாதொன்றையும் அறியமாட்டாது கிடந்த ஆன்மாவின்பொருட்டுச் சிவபெருமான் பெருங்கருணையினாலே மாயையினின்றுந் தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்துக் கொடுத்தருளினார் என்பது நம் சித்தாந்தம். இருளிலே கிடந்தவன் கையில் விளக்குக் கொடுத்தாற் போல்வது அது. ஆகவே உடம்பின்கண் உள்ள ஒவ்வோர் உறுப்பும் ஒரு பயன் கருதியே கொடுக்கப்பட்டதாம்.

நம் ஆசாரியர்கள் தத்துவங்கள் முப்பத்தாறனையும் எண்ணியபொழுது, கன்மேந்திரியம் ஐந்தனுள் வாக்கு, பாதம், பாணி என்பவற்றோடு பாயு, உபத்தம் என்னும் இரண்டனையும் ஒருங்கு வைத்தே எண்ணினார்கள். திருமுறை ஓதும் வாக்கும், திருக்கோயிலை வலம்வரும் பாதமும், அருச்சனை செய்யும் பாணியும் நிற்கின்ற அந்த நிரையிலேயே, மலத்தைக் கழிக்கும் பாயுவும் நிற்கின்றது. வாயுக்கள் பத்தினுள்ளே பிராணனுக்கு அடுத்துச் சொல்லப்படுவது, மலசலங்களைக் கீழ்நோக்கித் தள்ளும் அபானன். எண்ணியவர்கள் கூசவில்லை, இதனைக் கற்பிப்போர் கூசுதல் எதன்பொருட்டு?

சமயப் பத்திரிகையிலே இத்தகைய விஷயத்தை எழுதுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள் சிறுபிள்ளைகளுக்கென்று செய்த சைவவினாவிடையிலே, நித்தியகருமத்தைச் சொல்லுமிடத்து மலசல மோசனம், சௌசம், தந்தசுத்தி, ஸ்நானம் என்பவற்றை அனுட்டானத்துக்கும் பூசைக்கும் முன்னே வைத்து விதித்தார்கள். அன்றியும், நாம் நாடோறும் நெற்றியில் அணியுந் திருநீறு எதனின்றும் உண்டாகின்றது? பசுவின் சாணத்தினின்றே யன்றோ? பஞ்சகவ்வியத்திலே கோசலமும் கோமயமும் இடம்பெறுகின்றன வன்றோ? விதிப்படி விலக்கவேண்டியதை விலக்குதலும், சுத்தி செய்யவேண்டியதைச் சுத்தி செய்தலுமே சைவாசாரம். ஒரு பொருளின் பெயரைச் சொல்லவும் நாணி, அதனைப்பற்றி அறியாதிருத்தல் ஆசாரமாகாது. ஆதலால் இவ்வுடம்பு தன் மலசலங்களைக் கழிக்கும் முறையை முதற்கண் சொல்லி, அதன்பின் ஆசிரியர்கள் செய்யவேண்டிய கடமை யாதெனச் சொல்லுவாம்.

மலம் கழியும் முறை

நாம் உண்ணும் அன்னம் இரைப்பையிலே புளிப்பு நீரோடு கலந்து கூழாகி, ஏறக்குறைய 6 மீற்றர் நீளமுள்ள சிறுகுடலினுட் புகுகின்றது. அங்கே பித்தநீரும் கணையநீரும் சேர, அன்னத்தின் சாரம் பிரிந்து இரத்தத்திற் கலக்கின்றது. ஒரு நாளிலே சிறுகுடலுக்குள் வருகின்ற நீர் ஏறக்குறைய 9 இலீற்றர். அதனுள் நாம் உண்டுங் குடித்துங் கொண்டது 2 இலீற்றர் அளவினதே. எஞ்சிய 7 இலீற்றரும் உமிழ்நீர் முதலியனவாக உடம்பு தானே சுரந்தளித்தது. இந்த நீர் முழுவதும் வெளியே போய்விடுமாயின் மனிதன் ஒரு நாளும் தரித்திரான். வாந்திபேதி கண்டவன் சில மணி நேரத்துள் ஒடுங்கிப்போவது இதனாலேயே. ஆதலின் சிறுகுடல் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ள, 1 முதல் 2 இலீற்றர் வரையிலான நீரே பெருங்குடலை அடைகின்றது. ஒன்றரை மீற்றர் அளவு நீளமுடைய பெருங்குடல் அதனினும் பெரும்பாலதை உறிஞ்சிக்கொள்ள, ஈற்றிலே மலத்தோடு வெளியேறும் நீர் 100 முதல் 200 மில்லிலீற்றர் வரையிலேயாம்.

மலம் என்பது உண்ட சோற்றின் எச்சம் மாத்திரமே என்று பலர் நினைக்கின்றனர். அதன் முக்காற் பங்கு நீர். எஞ்சிய காற்பங்கிலே, சமியாத நாரும், கொழுப்பும், குடலின் உட்டோலினின்றுங் கழன்ற அணுக்களும், பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களின் பெருந்திரளும் இருக்கின்றன. அதன் நிறமோ அன்னத்தினின்றும் வந்ததன்று. செவ்விரத்த அணு ஒன்று ஏறக்குறைய 120 நாள் உயிர்வாழ்ந்து சிதைய, அதன் செந்நிறப் பொருள் மஞ்சளாக மாறி, ஈரலின் வழியே பித்தநீரிற் சேர்ந்து, குடலில் நுண்ணுயிர்களாற் பழுப்பு நிறமாகின்றது. அதிலொரு சிறு கூறு மீண்டும் இரத்தத்திற் புகுந்து சிறுநீருக்கு மஞ்சள் நிறம் கொடுக்கின்றது. மலத்திலும் சலத்திலும் நாம் காணும் நிறம், நமக்காக உழைத்து மாண்ட இரத்த அணுக்களின் அடையாளமாம். பித்தநீர் செல்லும் வழி அடைபட்டவிடத்து மலம் வெளிறியும் சிறுநீர் கறுத்தும் கண் மஞ்சளித்தும் தோன்றுவது இக்காரணம் பற்றியே.

சலம் கழியும் முறை

மலத்தின் பெரும்பகுதி குடலின் வழியே வந்து குடலின் வழியே போவது. சலமோ உடம்பின் ஒவ்வோர் அணுவும் தொழில்செய்து கழித்த கழிவைத் திரட்டிக்கொண்டு வருவது. ஊன்சத்து உடம்பிலே சிதையும்போது உண்டாகும் நச்சுப்பொருளை ஈரலானது யூரியா என்னும் தீமை குறைந்த பொருளாக மாற்றி இரத்தத்தில் விடுகின்றது. அதனை இரத்தத்தினின்றும் பிரிப்பவை, முன்னோர் குண்டிக்காய் என வழங்கிய சிறுநீரகங்கள் இரண்டுமாம். முதுகெலும்பின் இருபுறத்தும், அவரை விதையின் வடிவாய், ஒரு கைப்பிடியளவினவாய் அவை இருக்கின்றன. ஒவ்வொன்றினுள்ளும் ஏறக்குறைய 10 இலட்சம் நுண்வடிகள் உள்ளன. இருதயம் ஒரு நிமிடத்தில் வெளிவிடும் இரத்தத்தில் ஐந்திலொரு பங்கு, அதாவது 1 இலீற்றருக்கும் மேற்பட்டது, இவ்விரண்டனுக்கே செல்லுகின்றது.

இவை தொழில்செய்யும் விதம் சிந்திக்கத்தக்கது. சிறுநீரகமானது தீயதைத் தேடியெடுத்து எறிவதில்லை. இரத்த அணுக்களையும் பெரும் ஊன்சத்துக்களையும் உள்ளே நிறுத்தி, நீரையும், அதிற் கரைந்த சர்க்கரை, உப்பு, யூரியா முதலிய எல்லாவற்றையும் முதலில் வெளியே வடித்துவிடுகின்றது. இவ்வாறு ஒருநாளில் வடிவது ஏறக்குறைய 180 இலீற்றர். பத்து இலீற்றர் கொள்ளும் வாளியினாற் பதினெட்டு வாளி நீர். அதன்பின், அந்நீர் நுண்குழாய்களின் வழியே செல்லுகையில், சர்க்கரை முழுவதையும், நீரிலும் உப்பிலும் உடம்புக்கு வேண்டியவற்றையும் ஒவ்வொன்றாக மீட்டுக்கொள்ளுகின்றது. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு இவ்வாறு திரும்பிவிட, எஞ்சிய 1 அல்லது 2 இலீற்றரே சிறுநீர். முற்றுந் துறந்து, பின் வேண்டுவதை மாத்திரம் விவேகத்தோடு ஏற்றுக்கொள்ளும் ஞானியரது நெறிக்கு இஃது ஓர் உவமையாகக் கொள்ளத்தக்கது.

இத்தொழிலின் அருமை, அது தவறியவிடத்தே விளங்கும். நெதர்லாந்து தேசத்து வைத்தியராகிய வில்லெம் கொல்ஃப் என்பவர் 1943ஆம் ஆண்டிலே, சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இரத்தத்தைப் புறத்தே எடுத்துச் சுத்திசெய்யும் ஒரு பொறியை அமைத்து உபயோகித்தார். அவர் வழியிலே வளர்ந்த பொறிகளின் உதவியினாலே இன்று அநேகர் உயிர்தரித்திருக்கின்றனர். கிழமைக்கு மூன்றுமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரமளவில், நோயாளர் அப்பொறியின் அருகே கிடத்தல் வேண்டும். அங்ஙனம் கிடந்தும் சிறுநீரகத்தின் தொழிலில் ஒரு பகுதியே நிறைவேறும். நாமோ உறங்கும்பொழுதும் அத்தொழில் இடையறாது நடைபெறக் காண்கின்றோம். அதற்காக ஒரு நாளேனும் இறைவனுக்கு நன்றி சொன்னோமா?

இரண்டு வாயில்கள்

சிறுநீரகத்தினின்றும் இரண்டு குழாய்களின் வழியே துளிதுளியாக வந்த சலம் சலப்பையிலே தங்குகின்றது. வளர்ந்தோருடைய சலப்பை 400 முதல் 500 மில்லிலீற்றர் வரை கொள்ளும். எட்டு வயதுப் பிள்ளையினுடையது ஏறக்குறைய 300 மில்லிலீற்றரே கொள்ளும். அஃதாவது, இடைவேளையிலே இரண்டு குவளை நீர் பருகிய பிள்ளைக்கு மூன்றாம் பாடம் முடியுமுன்னே உணர்ச்சி தோன்றுதல் இயல்பு என்க.

சலப்பைக்கு வாயில்கள் இரண்டு. உள்வாயில் நமது ஏவலுக்கு அடங்காது; பை நிரம்பினால் தானே நெகிழும். வெளிவாயிலோ நமது ஏவலுக்கு அடங்கும். மலக்குடலுக்கும் இங்ஙனமே வாயில்கள் இரண்டு. கைக்குழந்தைக்கு வெளிவாயிலை ஆளுந் திறம் இல்லை. இரண்டு வயது தொடங்கி நான்கு வயதளவில் மூளையும் நரம்பும் முதிர, அத்திறம் மெல்ல மெல்ல வருகின்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே காலத்தில் வருவதில்லை. ஏழு வயதிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பிள்ளைகள் வரை இரவிற் படுக்கையை நனைக்கின்றனர் என்பர் வைத்தியர். ஆகவே வெளிவாயிலை அடைக்கும் வலி ஓர் அளவுக்கு உட்பட்டது என்பதையும், சிறு பிள்ளையிடத்து அவ்வலி இன்னும் முற்றாதது என்பதையும் ஆசிரியர்கள் மனத்துட் பதித்தல் வேண்டும்.

காலையுணவு இரைப்பையிற் புகுந்த சிறிது நேரத்துள்ளே பெருங்குடல் தானே அசைந்து மலத்தைத் தள்ளுவது உடம்பின் நியதி. வைகறையில் எழுந்து மலசல மோசனஞ் செய்யப் பழகுக என்ற நம் பெரியோரது விதி, உடம்புக்குக் காலநியமத்தைப் பழக்குவது. குந்தியிருக்கும் நம் வழக்கமும் பயனுடையதே. நிற்கும்பொழுதும் இருக்கும்பொழுதும் மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் ஒரு தசை, குந்தும்பொழுது நெகிழ்ந்து வழியை நேராக்குகின்றது.

தடுப்பதினால் விளையுங் கேடு

இனி, இவ்வேகங்கள் தடுக்கப்பட்டால் யாது நிகழும் என்பதைக் கேளுங்கள். மலக்குடலில் வந்து தங்கிய மலம் வெளிச்செல்லாதிருக்கும் நேரமெல்லாம் குடல் அதன் நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். மலம் இறுகும். மறுநாள் கழிக்கும்போது நோகும். நோவுக்கு அஞ்சிய பிள்ளை அடுத்த முறை தானாகவே அடக்கும். அடக்க அடக்க மேலும் இறுகும். மலக்குடல் விரிந்து தன் உணர்ச்சியை இழக்கும். அந்நிலையிலே இறுகிய மலத்தைச் சூழ்ந்து இளகிய மலம் பிள்ளை அறியாமலே கசிந்து உடையை அழுக்காக்கும். அப்பிள்ளையை "ஊத்தைப் பிள்ளை" என்று ஏனைய பிள்ளைகள் நகைப்பர். ஆசிரியரும் சினப்பர். குற்றம் யாருடையது? உணர்ச்சியையே இழந்த பிள்ளை அதனை அடக்குவது எங்ஙனம்? அதற்கு வேண்டியது வைத்தியமும் பொறுமையுமே யன்றித் தண்டமன்று.

சலத்தை அடக்குவதும் அத்தகையதே. சலப்பையிலே நெடுநேரம் தேங்கிய நீரிற் கிருமிகள் பெருகும். சுரமும் எரிவும் உண்டாகும். சிலவிடத்து அந்நோய் சிறுநீரகம் வரை ஏறும். பாடசாலையில் மலசலகூடம் தூய்மையாய் இல்லாமையாலோ, கேட்க அஞ்சுவதாலோ, காலைதொட்டு நீரே பருகாதிருக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! பெண்களுக்குச் சலம் வெளிவரும் வழி குறுகியதாதலால், அவர்களிடத்து இந்நோய் எளிதிற் பற்றும். பூப்பெய்திய பிள்ளைகளுக்கு மாதந்தோறும் சில நாள் நீரும் மறைவும் இன்றியமையாதன. அவை இல்லாத பாடசாலைக்கு அந்நாள்களில் அவர்கள் வாராது நின்றுவிடுவதும் உண்டு. ஒரு மறைவிடம் இல்லாமையாற் கல்வி கெடுமாயின், அப்பழி யாரைச் சாரும்?

அடக்கம் என்பது யாது?

"பிள்ளைகள் அடக்கம் பழகவேண்டாவா? ஐம்புலன்களையும் அடக்கு என்பதன்றோ நம் சமயம்?" என்று சிலர் சொல்லுவர். இவ்வினாவுக்கு நம் நாட்டு வைத்திய நூலாரே விடை கூறியிருக்கின்றனர். சித்த வைத்திய நூலார் மலம், சலம், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், நித்திரை முதலாகப் பதினான்கு வேகங்களை எண்ணி, இவற்றை அடக்குதல் நோய்க்குக் காரணம் என்றனர். சரகசங்கிதை என்னும் வடமொழி வைத்திய நூலோ இதனை இன்னும் தெளிவுறுத்துகின்றது. வேகங்களை அடக்கலாகாதன என்றும் அடக்கவேண்டியன என்றும் அந்நூல் இருவகையாகப் பகுக்கின்றது. மலசலம் முதலியன முதல்வகை. லோபம், கோபம், பொறாமை, பிறரை நோகச்செய்யும் பேச்சு முதலியன இரண்டாம்வகை.

ஆசிரியர்காள், இப்பகுப்பை உற்று நோக்குங்கள். ஒரு பிள்ளை எழுந்து நின்று, "வெளியே போகவேண்டும்" என்கின்றது. "இரு, மணியடிக்கட்டும்" என்று ஆசிரியர் வெகுளுகின்றார். அவ்விடத்திலே அடக்கலாகாத வேகம் பிள்ளையிடத்தும், அடக்கவேண்டிய வேகம் ஆசிரியரிடத்தும் இருக்கின்றன. அடங்கவேண்டியவர் யார் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

"பொய் சொல்லி வெளியே போய் விளையாடுவார்களே" என்பது மற்றொரு தடை. பொய் சொன்ன பிள்ளைக்கு இடங்கொடுத்தால் இழப்பது ஐந்து நிமிடப் பாடம். மெய் சொன்ன பிள்ளைக்கு இடங்கொடாவிடின், அது வகுப்பிலே பலர் முன்னிலையில் நனைந்து நிற்கும். அந்த நாணத்தை முதுமையிலும் மறவாது. இரண்டையுந் தூக்கி எடை பார்த்தால் எது கனத்தது என்பது வெளிப்படை. அன்றியும், அடிக்கடி வெளியே போகக் கேட்கும் பிள்ளையைக் குறும்பன் என்று ஒதுக்குதல் ஆபத்தாகவும் முடியும். மிகுந்த தாகம், அடிக்கடி சலம் போதல், உடம்பு மெலிதல், சோர்வு என்னும் இவை ஒருங்கே தோன்றினால் அது சிறுவர்க்கு வரும் நீரிழிவாக இருக்கக்கூடும். அந்நோய் சில நாட்களுள் முற்றி உயிருக்கே இறுதி விளைக்க வல்லது. காலத்தில் அறியப்பட்டால் இன்சுலின் என்னும் மருந்தினால் காக்கப்படுவது. அதனை முதலிற் காணத்தக்க இடத்தில் இருப்பவர், நாள்தோறும் அப்பிள்ளையைப் பார்க்கும் ஆசிரியரே.

செய்யத்தக்கன

ஆதலால் ஒவ்வொரு சைவ பாடசாலையிலும் பின்வரும் நியமங்களைக் கைக்கொள்ளுதல் நலம். முதலாவது, வெளியே போகக் கேட்ட பிள்ளையைக் காரணங் கேளாது, பிறர் நகையாது, உடனே விடுதல். கீழ்வகுப்புக்களில் வாயாற் சொல்ல நாணும் பிள்ளைகளுக்கு ஒரு கைக்குறியை ஏற்படுத்திக் கொடுத்தலும் ஆகும். இரண்டாவது, பிள்ளைகள் பகலில் வேண்டுமளவு நீர் பருகுதலை ஆசிரியர் கவனித்தல். மஞ்சள் முதிர்ந்த சிறுநீர் நீர் போதாமைக்குப் பெரும்பாலும் அடையாளமென்று கற்பித்தல். மூன்றாவது, மலசலகூடத்துக்குக் கதவும், உள்ளே தாழ்ப்பாளும், நீரும், கைகழுவச் சவர்க்காரமும் உளவோ என்று அதிபர் வாரந்தோறும் நேரே சென்று பார்த்தல். ஆசிரியருடைய கூடத்தைப் பூட்டித் தூய்மையாக வைத்துக்கொண்டு, பிள்ளைகளுடையதைப் பாராதிருத்தல் தருமமன்று. நான்காவது, சௌசவிதியைப் பரீட்சைக்கு ஒப்பிக்கும் பாடமாக மாத்திரம் நிறுத்தாது, கைகழுவும் முறையைச் செய்து காட்டுதல். மலத்தின் வழியே பரவும் வாந்திபேதி, நெருப்புக்காய்ச்சல், குடற்புழு என்பவற்றைத் தடுக்கும் காவல்களுள் கைகழுவுதல் எளியதும் வலியதும் ஆகும். ஐந்தாவது, உடையை நனைத்த அல்லது அழுக்காக்கிய பிள்ளையைத் தனியே அழைத்து, மாற்றுடை கொடுத்து, தாய் தந்தையர்க்கு மறைவாக அறிவித்தல்.

கழிந்தது எங்கே செல்கின்றது?

உடம்பை விட்டு நீங்கியதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. நீர்நிலையின் அருகே மலசலங் கழிக்கலாகாது என்பது சௌசவிதி. யாழ்ப்பாணத்தார் இவ்விதியை மற்றெல்லாரினும் அஞ்சிக் கைக்கொள்ளற்குரியர். ஏனெனில் இக்குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரிமழை சுண்ணக்கல்லின் வெடிப்புக்களினூடே இறங்கி நிலத்தினுள்ளே தேங்க, அதனையே கிணறுகளால் மொண்டு பருகுகின்றோம். மழைநீர் இறங்கும் அதே வெடிப்புக்களின் வழியே மலக்குழியின் கசிவும் இறங்கும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் உப்பு அளவுக்கு மிஞ்சியிருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். அதற்குத் தோட்டங்களில் இடும் உரங்களும் மலக்குழிகளும் காரணமென்று அவர்கள் சொல்லுகின்றனர். முற்காலத்தில் நீர்நிலை கண்ணுக்குத் தெரிந்தது. அதனை விட்டு விலகினோம். இங்கே நீர்நிலை நம் காலின் கீழேயே இருக்கின்றது. கிணற்றுக்குத் தூரமாக, கசியாத தொட்டியாக மலக்குழியை அமைப்பதே இந்நாட்டில் சௌசவிதியைக் காக்கும் வழி.

மற்றுமொன்று. இலங்கையின் நகரங்களில் வாளி மலகூடங்கள் இருந்த காலத்தில், நமது மலத்தைத் தம் கையால் எடுத்துச் சுமந்து அகற்றியோரை நாம் எங்ஙனம் நடத்தினோம் என்று நெஞ்சிலே கைவைத்து எண்ணுதல் வேண்டும். ஊரை நோயினின்றுங் காத்தவரைத் தீண்டத்தகாதவர் என்றோம். அவர் பிள்ளைகளைப் பள்ளியிலே விலக்கி வைத்தோம். திருநாவுக்கரசு நாயனார் திருக்கரத்திலே தாங்கியது உழவாரப்படை. அவர் தமக்கையார் திலகவதியார் திருவதிகைத் திருக்கோயிலிலே செய்தது திருவலகும் திருமெழுக்கும். திருக்குறிப்புத்தொண்ட நாயனார் காஞ்சியிலே செய்தது அடியாருடைய ஆடையின் மாசு கழித்தல். மாசு நீக்குந் தொழிலால் நாயன்மாராயினோரை வணங்கும் நாம், மாசு நீக்குந் தொழிலாளரை இகழுதல் எந்த ஆகமத்தில் விதிக்கப்பட்டது? இன்றும் பாடசாலை மலசலகூடத்தைக் கழுவுபவர் ஒருவர் உளராயின், ஆசிரியர் அவரை மரியாதையோடு பெயர்சொல்லி வணங்குவதைப் பிள்ளைகள் காணட்டும். சிரமதான நாளிலே ஆசிரியரே துடைப்பத்தைக் கையிலெடுப்பதையும் காணட்டும். நூறு பிரசங்கத்தால் ஆகாதது அதனால் ஆகும்.

முடிவுரை

மோசனம் என்னும் சொல்லும் மோட்சம் என்னும் சொல்லும் வடமொழியில் ஒரு தாதுவினின்றே பிறந்தன. இரண்டனுக்கும் விடுபடுதல் என்பதே பொருள். உடம்பின் மலம் வேறு, உயிரின் மலம் வேறு என்பதில் ஐயமில்லை. உடம்பின் மலம் நாடோறுந் தோன்றி நாடோறுங் கழிவது. மாயையின் காரியமாகிய உடம்பைச் சார்ந்தது. ஆணவமலமோ செம்பிற் களிம்புபோல அநாதியே உயிரைப் பற்றியது; திருவருளாலன்றி வலிகெடாதது. ஆயினும் ஓர் ஒற்றுமை உண்டு. உடம்பின் மலத்தைப் பக்குவப்படுத்திப் பிரிப்பது நம் முயற்சியன்று. நாம் அறியாமலே, நாம் உறங்கும்பொழுதும், அஃது உள்ளே நடைபெறுகின்றது. காலம் வந்தபொழுது தடைசெய்யாதிருத்தலே நமது பங்கு. உயிரின் மலத்தைப் பரிபாகப்படுத்துவதும் இறைவனது மறைப்பாற்றலாகிய திரோதானமே. அப்பரிபாகம் வந்து சத்திநிபாதம் நிகழுங்காலத்தில் அதற்குத் தடையாய் நில்லாதிருத்தலே நம்மால் ஆவது.

பாடசாலையிலே ஒரு சிறு பிள்ளை நடுங்கிக்கொண்டு கைதூக்கி நிற்கும்பொழுது, அதனுள்ளே இறைவன் அமைத்த நியதி ஒன்று தன் தொழிலைச் செய்து முடித்து வாயிலில் வந்து நிற்கின்றது என்று எண்ணுங்கள். அவ்வாயிலைத் திறக்கும் சொல் உங்கள் வாக்கில் இருக்கின்றது. "போய் வா, பிள்ளாய்" என்னும் அவ்வொரு சொல், அந்த உடம்புக்குச் சுகமும், அந்த உள்ளத்துக்கு அபயமும் ஆகும். சரியையாதி நெறிகளுக்கெல்லாம் அடிப்படையாகிய சீவகாருணியம் அதனிடத்தும் உண்டு என்று கடைப்பிடிப்பீர்களாக.

எல்லாம்வல்ல சிவபெருமான் நம் பிள்ளைகளுக்கு நோயற்ற உடம்பும், அவர்களைக் காக்கும் ஆசிரியர்களுக்கு இரக்கமுள்ள உள்ளமும் தந்தருளுக.

திருச்சிற்றம்பலம்.